வயல் கேள்விகள்: நிற்கும் தண்ணீர், கரும்பச்சைப் பயிர், வெறும் வரப்பு

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காவிரி டெல்டாவின் நெல் வயல்களிலிருந்து வந்தவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தவிப்புதான். அப்பாவும் தாத்தாவும் கற்றுக்கொடுத்த விவசாயத்தை விடாமல், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் பிழைக்க முடியுமா? முடியும் என்பது எங்கள் பதில். ‘நல்ல சம்சாரி’க்கு, அதாவது நல்ல விவசாயிக்கு, அடையாளமாக இன்று ஊர் சொல்லும் சிலவற்றில் கரும்பச்சைப் பயிரும் புல்லில்லா வரப்பும் தாத்தா காலத்துப் பழக்கங்களே அல்ல. யூரியா மூட்டையும் களைக்கொல்லியும் வந்த பிறகு வந்தவை அவை. தண்ணீர் நிறுத்துவது பழைய வழக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் கேள்வியே அதைப் பற்றியது.

கேள்வி: “நெல்லுக்குத் தண்ணி நிக்கணும், வயல் காஞ்சா வீட்டுக்கு ஆகாது” என்கிறார் அப்பா. வேளாண் அலுவலரோ காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டு மறுபடி பாய்ச்சச் சொல்கிறார். போர்வெல் பாசனம், 3 ஏக்கர். விளைச்சல் குறையுமா?
— மன்னார்குடிப் பக்கத்து வாசகர்

சரியாகச் செய்தால் குறையாது. உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சேர்த்தே பேசிவிடலாம். நெல் நீர்ச்செடி அல்ல. தண்ணீரைத் தாங்கும் செடி. நடவு வயலில் தண்ணீர் நிறுத்தியதன் முதல் நோக்கம் களையை அமுக்குவது. மழை நம்பிக்கை இல்லாத காலத்தில் வயலையே சின்னக் குளமாக வைத்துக்கொள்வது இரண்டாவது. இந்த இரண்டு தேவையும் தீர்ந்த நாட்களில் நிற்கும் தண்ணீர் பயிருக்கு எதையும் தருவதில்லை. மாறாக, காற்று புகாத சேற்றில் பழைய தாளும் வேரும் மக்கும்போது நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது நெல் தண்டின் காற்றுக்குழாய் வழியாகவே வெளியே போகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டால் இந்த மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தண்ணீரிலும் 30 சதவீதம் வரை மிச்சம்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். மின்சாரம் இலவசம் என்பதால் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. கடலோர வட்டங்களில் அதன் விலை வேறு விதமாக வருகிறது. நல்ல தண்ணீர் உறிஞ்சப்பட்ட இடத்துக்கு உப்புநீர் ஏறி வருகிறது.

இதற்கு வேண்டிய கருவி ஒரு துண்டு பிவிசி குழாய். 30 செ.மீ. நீளம், 4 முதல் 6 அங்குல விட்டம். கீழ்ப்பாதி 15 செ.மீ.க்குச் சுற்றிலும் அரை செ.மீ. துளைகளை 2 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள், மீதி மேலே. வரப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில், மேடும் பள்ளமும் இல்லாத இடமாகப் பார்த்து நட்டுவிட்டு உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளைகள் அடைத்துக்கொண்டன என்று பொருள். பிடுங்கிக் கழுவி மீண்டும் நடுங்கள்.

நட்ட முதல் 2 வாரம் 2 முதல் 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். அப்பாவின் விதி இங்கே முழுக்கச் சரி. களை அமுங்கிய பிறகு தண்ணீரைத் தானாக வடியவிடுங்கள். குழாய்க்குள் மட்டம் மண்பரப்பிலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி 5 செ.மீ. கட்டுங்கள். வயல் வெறிச்சென்று தெரியும், ஆனால் வேர் ஈரத்தில்தான் இருக்கும். அப்பாவைக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயப்போடவே கூடாது. அந்த நாட்களில் ஏற்படும் தண்ணீர்க் குறைவு நேராகப் பதரில் முடியும்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. முதலாவது, உங்கள் பகுதியின் களிமண். அது 15 செ.மீ. வரை இறங்கவிட்டால் வெடித்துவிடலாம். பாளம் விட்ட வயலில் அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். ஆகவே கனத்த களியில் 10 செ.மீ.யே எல்லை, அல்லது மயிரிழை வெடிப்பு கண்ணில் பட்டவுடன் பாய்ச்சல். இரண்டாவது, மட்டமில்லாத வயல். மேட்டில் பயிர் சுருளும்போது பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். பரம்பு ஓட்டும்போதே இதைச் சரிசெய்யாமல் குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றாவது, யூரியா. நிற்கும் தண்ணீரில் மதியம் வீசினால் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். நீர் வற்றி ஈரம் மட்டும் இருக்கும்போது தூவி, உடனே மெல்லத் தண்ணீர் விட்டால் அது மண்ணுக்குள் இறங்கும்.

கேள்வி: எங்களுக்கு ஆற்றுப் பாசனம், முறை வைத்துத்தான் தண்ணீர். வரும்போது கட்டாமல் விட்டால் அடுத்த முறை வருமா என்றே தெரியாது. எங்களுக்கும் இது பொருந்துமா?
— ஒரத்தநாடு வாசகர்

பாதிதான் பொருந்தும். தனி ஒருவர் வாய்மடையை அடைத்துக்கொள்வதால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடாது. ஒரே மடையில் பாயும் எல்லோரும் சேர்ந்து நாள் பிரித்துக்கொண்டால்தான் பலன். முறைப்பாசனமே ஒரு வகைக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான். தண்ணீர் வராத நாட்களில் பக்கத்து போர்வெல்லைப் போட்டு வயலை நிரப்பாமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம். குழாய் வையுங்கள். அடுத்த முறைவரை பயிர் தாங்குமா என்று அது சொல்லும். வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயல் மூழ்கிக் கிடக்கும் நாட்களுக்கு இந்த முறையில் வேலையில்லை. அப்போது வடிகாலைத் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

கேள்வி: இயந்திர அறுவடைக்குப் பிறகு வைக்கோல் வயலெல்லாம் சிதறிக் கிடக்கிறது. கட்டும் இயந்திரம் கிடைக்கவில்லை. மாடும் இல்லை. பக்கத்து வயலில் கொளுத்திவிடுகிறார்கள். “சாம்பலும் உரம்தானே” என்கிறார்கள். உண்மையா?
— நீடாமங்கலம் வாசகி

சாம்பலில் மிஞ்சுவது கொஞ்சம். ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாசியமும்) இருக்கின்றன. 40 கிலோவுக்கு மேல் சிலிக்காவும் உண்டு. கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும். மணிச்சத்தில் (பாஸ்பரஸில்) கால்பங்கும், சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்து போகும். மிஞ்சியதும் தீ பரவிய இடங்களில் திட்டுத்திட்டாகக் கிடந்து முதல் மழையில் ஓடும். நெல் எவ்வளவு விளைகிறதோ ஏறத்தாழ அதே எடைக்கு வைக்கோலும் உண்டு. ஏக்கருக்கு 2 டன் நெல் எடுத்தவர் கொளுத்துவது கிட்டத்தட்ட 2 டன் வைக்கோலை. அதிலுள்ள தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அடுத்த பருவம் கடையில் மூட்டையாக வாங்கப்போகிற அதே சத்துகள்தான். வரப்போரப் பனங்கன்றும், வளைக்குள் இருக்கும் பாம்பும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சும் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஆனால் கொளுத்தாதே என்று சொல்வது எளிது, பதிலுக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அறுவடைக்கு முந்தியே வண்டிக்காரரிடம் பேசுங்கள். முடிந்தவரை தாழ அறுக்கச் சொல்லுங்கள். அரை முழத் தாள் நின்றால் பின்னால் எதுவும் செய்ய முடியாது. வைக்கோலைப் பரப்பி வீசும் இணைப்பு இருந்தால் பொருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரே வரிசையாகக் குவிந்த வைக்கோல்தான் தீக்குச்சியை அழைக்கிறது.

சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து போடுபவர் என்றால் வைக்கோலை மடக்கி உழவே தேவையில்லை. அறுவடைக்குச் சில நாள் முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதையைத் தூவுங்கள். ஆடுதுறை 3, நெல் அறுத்த தரிசுக்கென்றே உள்ள உளுந்து ரகம். கை அறுவடைக்காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் முன்பே தூவுவது வழக்கம். இயந்திர அறுவடையில் அவ்வளவு முன்னால் தூவினால் முளைத்த கன்று சக்கரத்தில் நசுங்கும். நாலைந்து நாள் முன் தூவுவதே மேல். டயர் வண்டியைவிடச் செயின் வண்டி பரவாயில்லை, தடம் ஆழமாகப் பதியாது. மெல்லிதாகப் பரவிய வைக்கோல் ஈரத்தைக் காக்கும், முளை அதனூடே எழும்பிவிடும். கட்டியாகக் குவிந்த இடத்தில் மட்டும் முளைக்காது. அங்கே ஒரு ஆளை விட்டுக் கிளறிவிடுங்கள். பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை 2 சதவீத டிஏபி கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு நன்றாக இருக்கும்.

பயறு போடாதவர் கோடை மழையில் மடக்கி உழலாம். இதில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் பெரியது. நடவுக்கு ஒரு வாரம் முன்பு பச்சை வைக்கோலைச் சேற்றில் மிதித்துவிடுவது. வைக்கோலில் கரி மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும், நட்ட நாற்று வெளுத்துக் குன்றிவிடும். “வைக்கோலை மடக்கினேன், பயிர் போச்சு” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படிச் செய்தவர்களே. தண்ணீருக்குள் மக்கும் பச்சை வைக்கோல் மீத்தேனையும் கூட்டும். உலர்ந்த, காற்றோட்டமுள்ள மண்ணில் குறைந்தது 3, 4 வாரம் மக்கவிடுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ யூரியாவோ, சாணக் கரைசலோ தெளித்தபின் மடக்கினால் வேகமாக மக்கும். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தந்த, வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவையான பூசா டீகம்போசரும் இதற்கே. ஆனால் எதைத் தெளித்தாலும் ஈரம் இல்லாத வைக்கோல் மக்காது. மழை பார்த்துத் தெளியுங்கள்.

ஊரில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் அவரை வந்து அள்ளச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் நல்லது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் அது சத்துள்ள தீவனமாகும். திறந்ததும் ஆறவிட்டுப் போடுங்கள். 6 மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் கூடாது.

கேள்வி: யூரியாவைக் குறைக்க ஆசை. ஆனால் பயிர் கொஞ்சம் வெளுத்தாலும் ரோட்டில் போகிறவர்கள், “என்னப்பா, உரம் வாங்கக் காசில்லையா” என்கிறார்கள்.
— கும்பகோணம் வாசகர்

மானம் சம்பந்தப்பட்ட கேள்வி இது. கண்ணை நம்பாதீர்கள், அட்டையை நம்புங்கள். இலை வண்ண அட்டை வேளாண் விரிவாக்க மையங்களிலும் அறிவியல் நிலையங்களிலும் கிடைக்கும். நட்ட 14ஆம் நாளிலிருந்து முதல் பூ வரை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடம்பின் நிழலில் வைத்துப் பாருங்கள். நன்றாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வயலில் அங்கங்கே 10 குத்து (ஓரிடத்தில் நட்ட பயிர்க்கொத்து) பாருங்கள். 6 அல்லது அதற்கு மேற்பட்டவை எல்லை எண்ணுக்கு (அட்டையிலுள்ள நிறத்தின் எண்) கீழே இருந்தால் மட்டுமே மேலுரம். பெரும்பாலான ரகங்களுக்கு எல்லை எண் 4, வெள்ளைப் பொன்னிக்கு 3. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பொன்னியையும் 4க்குக் கொண்டுவரப் பார்ப்பவர்களின் வயல்தான் அறுவடைக்கு முன் சாய்கிறது. சம்பாவில் ஒரு முறைக்கு ஏக்கருக்கு 25 கிலோ யூரியா போதும். எப்போதும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் நிறம் மாறும்.

கரும்பச்சை, இளசான, நீர்ச்சத்து மிகுந்த தாள், தூரின் அடியில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் பிடித்தமான சாப்பாடு. மிகையாகப் போட்ட யூரியாவுக்கு அடுத்த மாதம் மருந்துக்கடையில் இரண்டாவது ரசீது வருகிறது. வாய்க்காலில் பாசி படிவதும் வயலிலிருந்து வடிந்த இந்தத் தழைச்சத்தால்தான்.

யூரியாவைக் குறைக்க உருப்படியான வழி, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45ஆம் நாள் பூவெடுக்கும்போது மடக்க வேண்டும். மேலும் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்காது. மடக்கி ஒரு வாரம், பத்து நாள் கழித்து நடுங்கள். குறுவைக்கு மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும் என்று நம்புபவர்கள் ஏப்ரல் மழையிலேயே விதைத்துவிட வேண்டும்.

கேள்வி: பூச்சிக்கு மருந்து அடிப்பதில் மனசு ஒப்பவில்லை. ஆனால் நான் குத்தகைக்காரன். ஒரு போகம் போனால் எழுந்திருக்க முடியாது. எவ்வளவு பொறுக்கலாம்?
— திருத்துறைப்பூண்டி வாசகர்

உங்கள் பயம் நியாயமானது. அதனால் தெளிவான எண்களோடு சொல்கிறோம்.

நட்ட முதல் 40 நாளில் இலையைத் தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள். அந்தப் பருவத்தில் பயிர் இழந்த இலையைத் தானே ஈடுசெய்துகொள்ளும். அந்த முதல் தெளிப்பில் சாகிறவை சிலந்தி, தரைவண்டு, தும்பி, மிரிட் நாவாய்ப்பூச்சி. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு வாரத்தில் அது பொரித்து வரும்போது தின்ன ஆளில்லாத வயல் காத்திருக்கும். மருந்து அடித்த வயலில்தான் புகையான் வட்டம் வட்டமாகக் கருகவைக்கிறது என்று விவசாயிகள் சொல்வது மூடநம்பிக்கையல்ல. இந்தோனேசியா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குக் காரணமே புகையான் இப்படிப் பெருகியதுதான்.

பார்க்க வேண்டிய எண்கள் இவை. தண்டு துளைப்பான்: சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது 10 சதவீத நடுக்குருத்துக் காய்ச்சல், அல்லது 2 சதவீத வெண்கதிர். இலைச்சுருட்டுப் புழு: தழைப் பருவத்தில் 10 சதவீத இலை, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலையில்) 5 சதவீதம். புகையான்: தூருக்கு (ஒரு கிளைத்தண்டுக்கு) 1. குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். இதற்குக் கீழே இருந்தால் நீங்கள் அடிக்கும் மருந்தின் விலை, பூச்சி தின்னும் நெல்லின் விலையைவிட அதிகம். இது கருணைக் கணக்கல்ல, காசுக் கணக்கு.

புகையானுக்கு முதல் மருந்து தண்ணீரை வடிப்பது. 3, 4 நாள் வயலைக் காயவிடுங்கள். நடும்போதே 2.5 மீட்டருக்கு ஒருமுறை 30 செ.மீ. பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் வெளிச்சமும் காற்றும் அடித்தூருக்கு எட்டும். அந்த இடைவெளியை நிலம் வீணாவதாக நினைப்பவர்கள் உண்டு. ஓரப் பயிர் தூர் கட்டி அதில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். வாரம் இருமுறை தூரை விரித்து அடியில் பாருங்கள். வரப்பில் நின்று மேலாகப் பார்த்தால் புகையான் தெரியவே தெரியாது.

வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பாதிப் பேருக்கு அது வேலை செய்வதில்லை. காரணம் பழைய கொட்டை, கரகரப்பாக இடித்த தூள், உச்சி வெயிலில் தெளிப்பு. ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு, ஒரு வருடத்துக்கு மேற்படாததாக எடுங்கள். நன்றாக இடித்து 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பால்நிறம் வந்ததும் இரட்டைத் துணியில் வடிகட்டுங்கள். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து 200 லிட்டர் ஆக்கி, மாலை 4 மணிக்குப் பின் தெளிக்கவும். அன்றே தீர்த்துவிட வேண்டும். வெயில் இதன் வீரியத்தைக் கெடுத்துவிடும்.

எல்லை தாண்டிவிட்டால் வேளாண் அலுவலர் பரிந்துரைக்கும் மருந்தை அடியுங்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டுகளை மட்டும் நெல்லில் தொடாதீர்கள். புகையானை மேலும் பெருக்குபவை அவை. நுனியில் அல்ல, தூரின் அடியில் படும்படி தெளியுங்கள். பூக்கும் நாட்களில் முற்பகல் தெளிப்பு மகரந்தத்தைக் கெடுக்கும். காலி டப்பாவை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். வாய்க்காலில் டப்பாவையும் தெளிப்பானையும் கழுவுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நாங்கள் ஏற்க மாட்டோம். அந்தத் தண்ணீரில்தான் கீழே ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டுகிறார், மீன் பிடிக்கிறார்.

கேள்வி: வரப்பில் களைக்கொல்லி அடித்தால் ஆள் கூலி மிச்சம். அதில் என்ன தப்பு?
— பாபநாசம் வாசகர்

வரப்பைப் பிடித்து நிறுத்துவது புல்லின் வேர். அருகும் கோரையும் செத்த வரப்பு அடுத்த மழையில் கரையும், நண்டு வளையும் எலி வளையும் பெருகும், தண்ணீர் ஒழுகும். மிச்சம் பிடித்த கூலியை வரப்புக் கட்டக் கொடுப்பீர்கள். பூக்கும் முன் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். இடமிருந்தால் வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். அதில் அசுவினி வரும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும், பிறகு அதே பொறிவண்டு நெல்லுக்குள் இறங்கும்.

கேள்வி: எலித்தொல்லை தாங்கவில்லை. விஷம் வைத்தால் வயலில் ஆந்தை செத்துக் கிடக்கிறது. ஆந்தைப் பந்தல் உண்மையில் பயன் தருமா?
— வலங்கைமான் வாசகி

தரும், ஆந்தை உயிரோடு இருந்தால். புரோமடியோலோன் போன்ற மருந்துகளைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அந்த எலிதான் கூகை என்னும் ஆந்தைக்கு எளிதாக அகப்படும், விஷம் கூகைக்கும் போகும். ஆக, பந்தலும் நட்டு விஷமும் வைப்பது விருந்துக்கு அழைத்து விஷம் வைப்பது போல.

பந்தல் என்பது ஏக்கருக்கு 16 முதல் 20 ‘டி’ வடிவக் குச்சிகள், பயிரைவிட ஓரடி உயரமாக. குறுக்குக் கட்டைக்கு வைக்கோல் சுற்றினால் பறவைக்குப் பிடி கிடைக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் பகலில் குருவிகள் உட்கார்ந்து கதிரைக் கொறிக்கும். பலர் மறப்பது இதைத்தான்.

பந்தலோடு வரப்பையும் கவனியுங்கள். அகலம் ஒன்றரை அடி, உயரம் ஓரடிக்கு மேல் போனால் எலி வளை தோண்ட வசதி. தஞ்சாவூர் கிட்டி என்னும் மூங்கில் எலிப்பொறியை ஏக்கருக்கு 40 வரை வைக்கலாம். எலித் தடமும் புதுமண்ணும் தெரியும் இடத்தில் மாலையில் வைத்து விடியுமுன் எடுங்கள். தெரிந்த ஆளை வைத்துச் செய்வதே நல்லது. கிட்டி கட்டுவதும் வளையைப் படிப்பதும் ஒரு கைத்தொழில், உரிய கூலி கொடுக்க வேண்டிய அறிவு. ஒரு வயலில் மட்டும் பிடித்தால் நாலு நாளில் பக்கத்து எலி குடிவரும். கோடையில், வளைகள் கண்ணுக்குத் தெரியும்போது, தெரு முழுக்கச் சேர்ந்து பிடியுங்கள்.

கேள்வி: நேரடி நெல் விதைப்பை மயில் கிளறிவிடுகிறது. முருகன் வாகனம், அடிக்கவும் மனமில்லை.
— கறம்பக்குடி வாசகர்

மனம் வந்தாலும் சட்டம் விடாது. மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை. மயில் வரும் வயலில் நேரடி விதைப்பை விட்டு நடவுக்கு மாறுங்கள். நாற்றங்கால் சின்ன இடம், வலை போட்டு மூடிவிடலாம். வலையைத் தரையோடு தொங்கவிடாதீர்கள். சாரையும் நல்லபாம்பும் சிக்கிச் செத்துவிடும், எலிக்குக் கொண்டாட்டம். மின்னும் நாடாவுக்குச் சில நாளில் மயில் பழகிவிடும். முளைவிடும் முதல் 10 நாளுக்கு மட்டும், காலையும் மாலையும் இடம் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஊரைச் சுற்றியுள்ள சீமைக்கருவேலப் புதர்தான் அதன் வீடு என்பதையும், முட்டையைத் தின்ற நரி இல்லாமல் போனதையும் ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டும்.

கேள்வி: பாரம்பரிய ரகத்துக்கு மாறினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?
— தஞ்சாவூர் வாசகி

ரகத்தைப் பொறுத்தது. காட்டுயானம் 180 நாள் வயலில் நிற்கும். அவ்வளவு நாளும் தண்ணீர் கட்டினால் 110 நாள் ரகத்தைவிட மீத்தேனும் தண்ணீரும் அதிகம். அது வெள்ளம் நிற்கும் பள்ளத்துக்கான நெல், அங்கே அதற்கு ஈடில்லை. குழியடிச்சான் உப்பும் வறட்சியும் தாங்கும், கடலோர நிலத்துக்கு ஏற்றது. குறைந்த வயது வேண்டுமானால் பூங்கார். இவற்றின் பெரிய நன்மை, யூரியா கேட்காததும் மருந்துத் தேவை குறைவதும். பழக்கத்தில் யூரியா போட்டால் ஆளுயரப் பயிர் கட்டாயம் சாயும். தக்கைப்பூண்டு மடக்கியிருந்தால் அதுவே போதும்.

விதையை நீங்களே எடுத்து வையுங்கள். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், வேறு ரகத்திலிருந்து 3 மீட்டர் இடைவெளி போதும். பூக்கும்போது ஒருமுறை, கதிர் முற்றும்போது ஒருமுறை கலவனை (வேறு ரகச் செடியை)ப் பிடுங்கினால் ரகம் கலக்காது. மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியிலிருந்து 174 ரகங்களைத் தேடி மீட்டார். அவை பிழைத்திருப்பது, விதையை வாங்கிப் போனவர்கள் அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் திருப்பித் தந்த வழக்கத்தால்.

கேள்வி: மண்ணைத் திருத்துவது நான், இரண்டு வருடத்தில் நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது நிலத்தின் சொந்தக்காரர். குத்தகைக்காரன் எதற்கு வண்டல் அடிக்க வேண்டும்?
— குடவாசல் வாசகர்

வாய்மொழிக் குத்தகை என்றால் உங்கள் செலவில் அடிக்க வேண்டாம். இதை மனவருத்தத்தோடுதான் சொல்கிறோம். ஏரி, குளத்து வண்டல் விவசாயிகளுக்கு இலவசம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம், விண்ணப்பம் வட்டாட்சியருக்கு. ஆனால் வெட்டவும் ஏற்றவும் ஆகும் செலவு உங்களுடையது, பலனோ பல வருடத்துக்கு நிலத்துடையது. அந்தச் செலவைச் சொந்தக்காரர் ஏற்கட்டும், அல்லது குத்தகையில் கழித்துக்கொள்ளட்டும். அதையும் குத்தகைக் காலத்தையும் எழுத்தில் வாங்குங்கள். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் பெயரைப் பதிய வழி இருக்கிறது. உறவு கெடும் என்று பலர் தயங்குகிறார்கள், அதையும் அறிவோம்.

அதுவரை, போட்ட பருவத்திலேயே காசு திரும்பும் வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீர்க்குழாய், வண்ண அட்டை, முதல் 40 நாள் தெளிக்காமை, தக்கைப்பூண்டு. முதல் மூன்றுக்கும் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். தக்கைப்பூண்டு விதையைச் சித்திரையிலேயே வாங்கிவிடுங்கள், வைகாசியில் தட்டுப்பாடு வரும்.